மேல்மாடிப் பலகையில் வெண்கட்டிக் கோடு

மடுல்சீமைக்கு அப்பால், பஸ் திரும்பிப் போகும் முடக்கிலிருந்து இரண்டு மைல் ஏறினால் வரும் அந்தத் தோட்டத்தில், விஜயலெட்சுமி வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். சி.ஐ.டி. அக்கா வீடு எது என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கையைக் காட்டும்.

அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. பெண் வைத்திருக்கிறவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது அவளையும் ஓர் ஆளாகக் கூட்டிப் போவார்கள். ஒருமுறை லுணுகலைப் பக்கம் ஒரு வீட்டில், பையனுக்கு வெற்றிலைப் பழக்கம்கூடக் கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விஜயலெட்சுமி கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய் வந்தாள். திரும்பும் வழியில், "பின்னாடி செவுத்துல வெத்தல துப்புன கறை இருக்கு. ஒசரத்தப் பாத்தா மாப்பிள்ளை ஒசரந்தான்," என்றாள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கணவன் இராமையா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். மாதம் ஒரு தடவை வருவான். ஒரே மகளைப் பண்டாரவளையில் கட்டிக்கொடுத்தாயிற்று. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஓர் அறைக் காம்பராவில் தனியாக இருந்தாள். தனியாக இருக்கிற பொம்பளைக்குச் சந்தேகம் நாய் வளர்த்த மாதிரி என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

கமரா என்றால் அவளுக்கு ஆகாது. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் எல்ல டவுனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சொந்தக்காரப் பிள்ளைக்குச் சடங்கு. போன இடத்தில், கடைத்தெருவில் வெள்ளைக்காரர்கள் நெருக்கியடிக்கும் ஒரு தேயிலைக் கடை வாசலில், ஆள் உயரப் பலகையில் தன் முகத்தையே பார்த்தாள். தலையில் துண்டு, நெற்றியில் கூடைக் கயிறு, வாய் நிறையச் சிரிப்பு. கீழே இங்கிலீசில் என்னவோ எழுதியிருந்தது. ஓட்டோக்காரரிடம் கேட்டதற்கு, சந்தோஷமான கைகள் பறித்த தேயிலை என்று போட்டிருப்பதாகச் சொன்னார். விஜயலெட்சுமிக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. கொழுந்து மலையில் படம் பிடித்த வெள்ளைக்காரனின் காற்சட்டைக்குள் அட்டை ஏறிவிட்டது. அவன் குதித்த குதிப்பைப் பார்த்துத்தான் அவள் சிரித்தாள். கடைக்காரனிடம் போய் இது நான் என்றாள். அவன் அவளையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, படத்தை நெட்டில் எடுத்தது, தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னான். அன்றிலிருந்து யார் கமராவைத் தூக்கினாலும் அவள் முகம் தானாக மறுபக்கம் திரும்பிவிடும்.

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் பத்தொன்பது வருடம், கொழுந்து அரைக்கும் ரோலர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் அவள். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஸ்டோரை மூடிவிட்டார்கள். கொழுந்தெல்லாம் லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகத் தொடங்கியது, அவள் மலையில் கொழுந்து பறிக்கப் போனாள். மூடிய ஸ்டோரிலிருந்து பித்தளைச் சாமான்கள் ஒன்றொன்றாகக் காணாமல் போயின. மலைக்குப் போகும் பாதையில் அவள் ஒன்றைக் கவனித்தாள். ஒரு ஜன்னலில் மட்டும் சிலந்திவலை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அறுந்திருந்தது. தோட்டத்து மனேஜர் தொரையிடம் போய்ச் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேர் பிடிபட்டார்கள். அதற்குப் பிறகு பகல் காவலும் சாவிக்கொத்தும் அவள் கைக்கு வந்தன.

அந்த ஸ்டோர் வாசலில்தான் ஒரு தை மாதத்துக் காலையில் இரண்டு வேன்கள் வந்து நின்றன.

முதலில் இறங்கியவன் ரமணன். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் சுந்தரலிங்கம் முதலாளியின் மகன். கொழும்பில் படித்தவன், இப்போது சினிமாப் படம் எடுக்க வந்திருக்கிறான். தோட்டக் கம்பனி கொடுத்த அனுமதிக் கடிதத்தை நீட்டினான். விஜயலெட்சுமி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அவர்களை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு ஒப்பீசுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"லெட்டர் சரிதாங்க," என்றாள் திரும்பி வந்து.

"அப்ப திறங்களேன் அக்கா."

"லெட்டர் சரின்னுதான் சொன்னேன்."

பூட்டைத் திறக்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டாள். எல்லாருமாகப் பதினோரு பேர்.

மத்தியானம் ரமணனிடம் கதையைக் கேட்டாள். அவனும் ஆர்வமாகச் சொன்னான். ஐந்து நண்பர்கள் சுற்றுலா வருகிறார்கள். மழைக்கு ஒதுங்க இந்தப் பழைய ஸ்டோருக்குள் நுழைகிறார்கள். உள்ளே முகமூடி போட்ட ஒருவன், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு இருக்கிறான். ஒவ்வொருவராக வெட்டுகிறான்.

"ஏன் வெட்டுறான்?"

"அது கடைசியிலதான் தெரியும்."

"மொத ஆள வெட்டினதுமே மத்தவங்க ஓடிற வேண்டியதுதானே?"

"வேன் பஞ்சர் அக்கா."

"பஸ்ஸு வருமே, காலையில ஒண்ணு, பின்னேரம் ஒண்ணு."

ரமணன் சிரித்துவிட்டு எழுந்து போனான். விஜயலெட்சுமி சிரிக்கவில்லை. இவ்வளவு காசைக் கொட்டிப் படம் எடுக்க வந்தவனிடம் இந்தக் கதைதான் இருக்கிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. கதை சும்மா போர்வை, உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்றே தோன்றியது.

பக்கத்துக் காம்பரா லெட்சுமியும் அதையேதான் சொன்னாள். "படம் புடிக்கிற மாதிரி வருவாங்க, அளந்துட்டுப் போவாங்க. அப்புறம் பாரு, ஸ்டோரு ஹோட்டலாயிரும். நம்ம லயத்த ஒடைச்சு நீச்சல் தொட்டி கட்டுவாங்க. வேற தோட்டத்துல நடந்திருக்குல்ல?"

மறுநாள் அளந்தேவிட்டார்கள். கமராக்காரன் ஷாமில், பதுளை டவுன் பையன், ஒல்லியாக, அதிகம் பேசாதவன். அவன் ஒரு நாடாவைக் கமராவின் மூக்கில் பிடித்து, மறுமுனையை நடிக்க நின்ற பெண்ணின் மூக்கு வரைக்கும் இழுத்தான். பிறகு ரோலரிலிருந்து சுவர் வரைக்கும் அளந்தான்.

"என்னா தம்பி அளக்கிறீங்க?"

"தூரம் சரியாத் தெரிஞ்சாத்தான் அக்கா படம் தெளிவா விழும்."

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் அவன் எந்தெந்த இடத்தை அளந்தான் என்பதை ஒன்றுவிடாமல் மனதில் குறித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வேறு ஒன்று கண்ணில் பட்டது. உடுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் கொலைகாரனின் வேஷம் தொங்கியது. சாக்குத் துணியில் தைத்த முகமூடி. அதற்குக் கீழே ஒரு கறுப்புக் கம்பளி. இடுப்பில் கட்ட ஒரு முரட்டுப் படங்குத் துணி. மழைக்கும் குளிருக்கும் தோட்டத்து ஆட்கள் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிற அதே கம்பளி, அதே படங்கு. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். நேரே ரமணனிடம் போனாள்.

"கொலகாரன் தோட்டத்து ஆளா?"

"அது சஸ்பென்ஸ் அக்கா."

"எங்க அப்பா போட்டிருந்த கம்பளிய மாட்டிக்கிட்டு ஊரு பிள்ளைங்கள வெட்டுறான். நாளைக்கு இதப் பாத்துட்டு டவுனுல எங்காளுங்க வேலைக்குப் போனா என்னா நெனைப்பாங்க?"

"இது வெறும் படம். யாரும் அப்படிப் பாக்க மாட்டாங்க."

தான் கேட்டதற்கு இல்லை என்று அவன் சொல்லவில்லை என்பதை மட்டும் கவனித்தாள்.

அந்தக் கூட்டத்தில் அவளோடு முகம் பார்த்துப் பேசியவள் ஒருத்திதான், துஷ்யந்தி. கொழும்பு வெள்ளவத்தைப் பிள்ளை, இருபத்திரண்டு வயது, முதல் படம். காலையில் கூட்டத்தை விட்டு வந்து, விஜயலெட்சுமி சுட்டுக்கொண்டு வரும் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தின்பாள். "நான் மூணாவதா சாகிற ஆள் அக்கா," என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் அந்தச் சாவு. கொழுந்து வாட்டும் மேல்மாடியில் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். விஜயலெட்சுமி தடுத்தாள். "அந்தப் பலகையெல்லாம் உக்கிப் போச்சு. பதினொரு வருஷமா ஒழுகுது. ஒரு ஆள் நிக்கலாம், ஓடக் கூடாது." பார்த்துக்கொள்கிறோம் என்று ரமணன் சொன்னான். ஒன்பது பேர் மேலே ஏறினார்கள். அவள் படிக்கட்டின் கீழே எண்ணிக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் சாப்பிட இறங்கியவர்கள் எட்டுப் பேர்.

"அந்தப் புள்ள எங்க?"

"யாரு, துஷ்யந்தியா?" ரமணன் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே சொன்னான். "அவதான் செத்துட்டாளே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஷாமில் மட்டும் சிரிக்காமல் தன் பார்சலைப் பார்த்துக்கொண்டிருந்ததை விஜயலெட்சுமி கண்டாள். அது போதும் அவளுக்கு.

மேலே ஏறினாள். பலகை முழுக்கச் சிவப்பாக ஊற்றி வைத்திருந்தார்கள். குனிந்து தொட்டுப் பார்த்தாள். பாகு மாதிரி ஒட்டியது. எறும்பு வரிசை கட்டி வந்திருந்தது. அதைத் தாண்டி, ஜன்னல் ஓரமாக ஒரு பலகை முறிந்து வாயைப் பிளந்து கிடந்தது. அதன் பக்கத்திலும் சிவப்பு இருந்தது. இதில் எறும்பு இல்லை. விரலில் ஒட்டவில்லை, காய்ந்து பழுப்பாகப் போயிருந்தது. அங்கிருந்து பின்படி வரைக்கும் துளித் துளியாக.

துளிகளைப் பார்த்துப் பார்த்து இறங்கினாள். அவை தேயிலைப் பெட்டி அடிக்கிற பழைய அறை வாசலில் முடிந்தன. கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள்.

உள்ளே துஷ்யந்தி ஒரு பெட்டியின் மேல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படத்துக்குப் போட்ட சால்வையைக் காலில் இறுக்கிச் சுற்றியிருந்தாள். அது நனைந்து சொட்டியது. முகம் வெளிறிப் போயிருந்தது.

"பலகை முறிஞ்சு கால் உள்ள போயிட்டு அக்கா. ஒண்ணுமில்ல. சாப்பிட்டு முடிஞ்சதும் பதுளைக்குக் கொண்டுபோறேன்னு சொன்னாங்க. எஸ்டேட்டுக்குத் தெரிஞ்சா பெர்மிஷன் போயிரும், சத்தம் போடாம இருன்னு..."

"எவ்வளவு நேரமா இப்பிடி இருக்க?"

"பத்து மணியில இருந்து."

சால்வையை மெதுவாக விலக்கிப் பார்த்த விஜயலெட்சுமி பல்லைக் கடித்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. தன் தலைத்துண்டை அவிழ்த்து அழுத்திக் கட்டினாள். பிறகு வெளியே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த வேன் டிரைவரைக் கையோடு எழுப்பினாள். ஷாமிலும் எழுந்து வந்து பிள்ளையைத் தூக்கினான். வேன் பதுளைக்குப் புறப்பட்டது. மீதிப் பேரை வெளியே வரச்சொல்லி, ஸ்டோரைப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ரமணன் பின்னாலேயே வந்தான். "அக்கா, பிளீஸ். அப்பாகிட்டக் கெஞ்சித்தான் இந்தப் படமே எடுக்கிறேன். இது நிண்டா எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

"பொய்யா வெட்டுறது ஒங்க தொழிலு, அதுல நான் தலையிடல. நெசமா ஒருத்தி காலு கிழிஞ்சு கெடக்கையில, செத்துட்டான்னு சொல்லிச் சிரிச்சீங்களே தம்பி. அதுக்கப்புறம் ஒங்கள எப்பிடி நம்புறது?"

முதல் தடவையாக அவன் முகத்தில் பொய் இல்லாததை அவள் பார்த்தாள். ஆனாலும் பூட்டைத் திறக்கவில்லை. ஒப்பீசுக்குப் போய் நடந்ததை நடந்தபடி தொரையிடம் சொன்னாள். தொரை எரிந்து விழுந்துவிட்டு, கடைசியில், "சாவி ஒங்ககிட்ட இருக்கு. ஒங்களுக்குச் சரின்னு பட்டாத் தெறங்க, இல்லாட்டி அனுப்பிருங்க," என்று அவள் தலையிலேயே போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் துஷ்யந்தியே ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள். எட்டுத் தையல். "நிப்பாட்டிறாதீங்க அக்கா. படம் வெளிய வராட்டி நான் விழுந்ததும் சும்மா போயிரும்."

விஜயலெட்சுமி அரைநாள் யோசித்தாள். பிறகு ரமணனைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னாள். மேல்மாடியில் அவள் காட்டுகிற இடத்தைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. முகமூடியைக் கழற்றும்போது உள்ளே தோட்டத்து ஆள் இருக்கக் கூடாது.

"சரி அக்கா. இல்ல, அவன் தோட்டத்து ஆள் இல்ல. மாத்திடறேன்."

"எழுதிக் குடுங்க."

அவன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவள் படித்துவிட்டு, திகதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த நாள் விடிந்ததும் ஓர் அலவாங்குக் கடப்பாரையையும் ஒரு பெட்டி வெண்கட்டியையும் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினாள். கீழே மரச்சட்டம் எங்கெங்கே ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். சட்டத்தின் மேல் உள்ள பலகை தாங்கும், மற்றது தாங்காது. அலவாங்கால் தட்டுவாள். 'டங்'கென்றால் நல்ல பலகை. 'தொப்'பென்றால் உக்கல். நல்ல பலகையின் இரண்டு ஓரத்திலும் வெண்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டே போனாள். ஒரு கோடு ஜன்னல் பக்கம் போய் வளைந்தது, இன்னொன்று நடுவில் குறுக்கே வெட்டியது, ஒன்று பாதியில் நின்றது. மூன்று மணித்தியாலம் ஆயிற்று. சேலை முழுக்க வெள்ளைத் தூள்.

நிமிர்ந்தபோது கூரைச் சட்டத்தில் ஷாமில் கமராவோடு உட்கார்ந்திருந்தான். எப்போது ஏறினான் என்றே தெரியவில்லை.

"என்னய எடுத்தீங்களா?" அவள் முகத்தை மறைத்துக்கொண்டு கத்தினாள்.

"இல்ல அக்கா. கேட்டுட்டுத்தான் எடுப்பேன். ஆனா இங்க ஏறி ஒருக்காப் பாருங்க."

அவள் ஏறவில்லை. அது ஏதோ தந்திரம் என்று நினைத்தாள். அவன் இறங்கி வந்து கமராவின் சின்னத் திரையைத் திருப்பிக் காட்டினான். வெற்றுப் பலகை, அதில் வெள்ளைக் கோடுகள். உடைந்த ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து கோடுகளின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கோடு தெரிந்தது, கொஞ்சம் மறைந்தது.

"இந்தக் கோட்டு மேல ஒரு ஆள் தட்டித் தட்டி நடந்து வரணும் அக்கா. நடிக்கிறவங்க யாருக்கும் அப்படி நடக்க வராது. ஒங்களுக்கு மட்டுந்தான் வரும்."

"எதுக்கு? எல்லவுல போர்டு வைக்கவா?"

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் எல்லவில் நடந்ததைச் சொன்னாள். ஷாமில் கமராவை மூடிக் கீழே வைத்தான். பிறகு, "மூஞ்சி வேணாம். மேல இருந்துதான் எடுப்பேன், தலைத்துண்டும் கையும் காலும்தான் விழும். எடுத்ததும் காட்டுவேன். வேணாம்னு சொன்னீங்கன்னா ஒங்க முன்னாடியே அழிச்சிருவேன்," என்றான்.

"அழிச்சிட்டேன்னு சொல்லிட்டு வேற எடத்துல வச்சிருந்தா?"

"அதுக்கு நான் என்ன செய்ய அக்கா?" என்று அவன் கையை விரித்தான். "அப்ப நம்பாதீங்க. நம்பாமலே நடங்க."

அந்தப் பதில் அவளுக்கு ஏனோ பிடித்துவிட்டது. அலவாங்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான்கு தடவை நடக்கச் சொன்னான். நான்கு தடவையும் திரையைப் பார்த்தாள். முகம் இல்லை. பன்னிரண்டாம் நாள் வேன்கள் புறப்பட்டுப் போயின. போன பிறகு ரோலர்களை எண்ணிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

எட்டு மாதம் கழித்து, புரட்டாதியில், படம் பதுளைக்கு வந்தது. பத்தரை மணிக் காட்சிக்கு லெட்சுமியைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனாள். ரமணன் எழுதிக் கொடுத்த தாள் கைப்பையில் இருந்தது. தியேட்டரில் வாசலுக்குப் பக்கத்துக் கடைசி இருக்கையைப் பிடித்தாள். ஏதாவது கோளாறு என்றால் எழுந்து போய் ரமணனைப் பிடிக்க வேண்டும். அவன் வெளியே மண்டபத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான்.

கதை அவள் பயந்ததைவிட மோசமாக இருந்தது. வேன் பஞ்சரானது. ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போனார்கள். கதவுக்குப் பின்னால் போகாதே என்று பார்க்கிறவனுக்கே தெரியும்போது, சரியாக அங்கேதான் போனார்கள். ஓடுகிறவள் தடுக்கி விழுந்தாள், பூனை குதித்தது, எல்லாரும் பயந்த பிறகு நிஜமாகவே கத்தி வந்தது. முன்வரிசைப் பையன்கள் அடுத்தது யார் என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தார்கள். சொன்னபடியே செத்தார்கள். "இதுக்கா பஸ்ஸேறி வந்தோம்?" என்று லெட்சுமி முணுமுணுத்தாள்.

ஆனால் இடையிடையே வேறு என்னவோ நடந்தது. யாரும் சாகாத, யாரும் பேசாத இடங்களில். இருட்டறையில் நான்கு ரோலர்களும் படுத்துக் கிடக்கும் மாடுகள் மாதிரித் தெரிந்தன. கூரை ஓட்டையிலிருந்து விழுந்த ஒரே ஒரு வெளிச்சக் கம்பில் பழைய தேயிலைத் தூள் சுழன்றது. பச்சை மலையில் ஒரு சிவப்புச் சால்வை காற்றில் உருண்டு உருண்டு போய்ச் செடிகளுக்குள் மறைந்தது. முன்வரிசைச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

பிறகு மேல்மாடி வந்தது. பாட்டு இல்லை. பலகையில் வெள்ளைக் கோடுகள், மேலே ஊரும் பனி. 'டங்' என்று ஒரு சத்தம். தலைத்துண்டு கட்டிய ஓர் உருவம், வலது கையில் அலவாங்கு, கோட்டுக்கு உள்ளேயே ஒவ்வொரு அடியாக வந்தது. 'டங்.' 'டங்.' 'தொப்.' கால் நின்றது. பின்வாங்கியது. அந்த ஒரு நிமிடத்தில் முன்வரிசையில்கூட அடுத்தது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. லெட்சுமிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்: "இது எந்த ஊரு?"

"எங்க ஸ்டோருங்க," என்றாள் லெட்சுமி, அவரிடம் குனிந்து. "நடக்கிறது இவ."

விஜயலெட்சுமி அவள் கையில் கிள்ளினாள். கண் திரையிலேயே இருந்தது. பத்தொன்பது வருடம் நின்ற இடம். அங்கே அவள் பார்த்ததெல்லாம் கொழுந்துக் குவியலும் ஒழுகலும் எலிப் புழுக்கையும்தான். இது அந்த இடம் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஏதோ வித்தை காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசியில் முகமூடி கழன்றது. அவள் இருக்கை நுனிக்கு வந்துவிட்டாள். உள்ளே இருந்தவன் அந்த ஐந்து பேரில் ஒருவன். இரண்டாவதாகச் செத்ததாகக் காட்டியவன். ஏன் வெட்டினான் என்று அவன் சொன்ன காரணம் யாருக்கும் விளங்கவில்லை. கம்பளியும் படங்கும் ஸ்டோருக்குள் கிடந்தவை, அவன் எடுத்துப் போட்டுக்கொண்டான். விஜயலெட்சுமி பெருமூச்சு விட்டாள். ஆனாலும், படம் முழுக்க அந்தக் கம்பளிக்குத்தானே பயந்தார்கள் என்ற எண்ணம் மட்டும் முள் மாதிரி உள்ளே நின்றது. அதற்கு அந்தத் தாளில் வழி இல்லை.

வெளியே வந்தபோது துஷ்யந்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பாவாடையைக் கொஞ்சம் தூக்கித் தழும்பைக் காட்டினாள். நொண்டல் இல்லை. ரமணன் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான்.

"படம் எப்படி அக்கா?"

"கத ஒண்ணுமில்ல தம்பி," என்றாள் அவள். "ஆனா சொன்னபடி செஞ்சிட்டீங்க." கொஞ்சம் நின்று, "அந்தக் கம்பளியும் வேணாம்னு தாளுலயே எழுதி வாங்கியிருக்கணும் நான்," என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஷாமில் தூணோரம் நின்றான். அவனிடம் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நெசமாச் சொல்லுங்க. கலரு எதும் ஊத்தினீங்களா? அங்க அப்பிடி வெளிச்சமே கெடையாது."

"மெஷின்ல கொஞ்சம் கூட்டிக் குறைச்சேன் அக்கா. வெளிச்சம் ஒங்க ஸ்டோர் வெளிச்சந்தான். காலையில எட்டரைக்கு மேல வருது. நீங்க கீழ வாசல்லேயே நிக்கிறதால பாத்திருக்க மாட்டீங்க."

"அப்பிடியா?" என்றாள். அந்த "அப்பிடியா"வில் நம்பிக்கை ஒரு சிட்டிகைகூட இல்லை.

படம் பதுளையில் ஆறு நாள் ஓடியது. ஒரு பத்திரிகையில், கதை அரைத்த மாவு, ஒளிப்பதிவுக்காக ஒருதரம் பார்க்கலாம் என்று எழுதியிருந்ததாக மகள் போனில் வாசித்துக் காட்டினாள். ஷாமிலுக்குக் கொழும்பில் பெரிய படம் ஒன்று கிடைத்தது. ரமணன் அப்பாவின் துணிக்கடையில் உட்கார்ந்துகொண்டு அடுத்த கதை எழுதுகிறான் என்று கேள்வி. ஸ்டோரைப் பார்க்கவென்று ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டொரு பேர் மோட்டார் சைக்கிளில் வரத் தொடங்கினார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், யார் அனுப்பியது, ஏன் என்று கேட்டு, பெயரை எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவாள். ஹோட்டல் பேச்சை லெட்சுமி இன்னும் விடவில்லை. விஜயலெட்சுமியும் அதை முழுக்கத் தள்ளிவிடவில்லை.

படம் பார்த்து வந்த மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல், எட்டு மணிக்கே மேல்மாடிக்கு ஏறினாள். கோடுகள் பாதி அழிந்திருந்தன. நல்ல பலகையாகப் பார்த்து ஒன்றில் உட்கார்ந்தாள். எட்டரை ஆயிற்று. வெளியே காற்று விர்ரென்று அடித்துக்கொண்டிருந்தது. பனி ஒரு பொட்டுக்கூட இல்லை. ஒன்பது மணிக்குக் கிட்ட ஜன்னல் வழியாக வெயில் வந்தது, வெறும் வெயில், சுவரில் விழுந்துவிட்டு நகர்ந்தது. அவ்வளவுதான். ஒன்பதரை வரைக்கும் பார்த்தாள்.

கீழே இறங்கி வந்தபோது லெட்சுமி கேட்டாள், "மேல என்னாடி பண்ணின இவ்வளவு நேரம்?"

"அந்தத் தம்பி சொன்னது நெசமான்னு பாத்தேன்."

"நெசமா?"

"இப்ப காத்துக் காலம். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது," என்றாள் விஜயலெட்சுமி, சேலையில் ஒட்டிய வெள்ளைத் தூளைத் தட்டிக்கொண்டே. "தை வரட்டும். பனி எறங்குனதும் ஒரு நாளு ஏறிப் பாக்குறேன்."

"நானும் வரவா?"

"வா. ஆனா நான் மிதிக்கிற எடத்துல மட்டுந்தான் மிதிக்கணும்."